மோட்டார் சைக்கிள் டைரிகள்: படிப்பதா, பார்ப்பதா?

பிப்ரவரி 4, மாலை 6.15 (ஒரு வாசகரின் கேள்வி)

பின்னாளில் கியூபப் புரட்சியின் தலைவர்களில் ஒருவராகி 'சே' என்று அறியப்பட்ட எர்னெஸ்டோ குவேரா மருத்துவ மாணவராக இருந்தபோது 1952இல் தென் அமெரிக்காவைச் சுற்றிவந்ததைப் பற்றி எழுதிய நூலும், அதை வைத்து வால்டர் சால்லெஸ் இயக்கி 2004இல் வெளிவந்த படமும் என்னிடம் உள்ளன. இரண்டுக்கும் நேரம் ஒதுக்க இப்போது என்னால் இயலாது. இரண்டும் சொல்வது ஒரே பயணத்தைத்தானே? படத்தைப் பார்த்துவிட்டால் நூலைப் படித்ததாகக் கொள்ளலாமா?

பிப்ரவரி 4, இரவு 10.50

கொள்ளலாம் என்றே சொல்வேன். கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் கணினியில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நூலை அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில் படித்தேன். இன்று நினைத்துப் பார்த்தால் படத்தில் வரும் முகங்கள் அப்படியே நினைவில் நிற்கின்றன, நூலிலிருந்து சில வரிகளே மிஞ்சியிருக்கின்றன. நூல் சிறுசிறு அத்தியாயங்களால் ஆனது. ஊர், வண்டிப் பழுது, பசி, இலவசச் சாப்பாடு, மீண்டும் ஊர் என்று அது அலைந்துகொண்டே போகும். 23 வயது எர்னெஸ்டோவும், அவரைவிட ஆறு வயது மூத்த உயிர்வேதியியலாளர் அல்பெர்டோ கிரனாடோவும் 500 சிசி நார்ட்டன் வண்டியில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பிச் சிலி, பெரு, கொலம்பியா வழியாக வெனிசுவேலா வரை போன அந்த அலைச்சலுக்குப் படம் ஒரு திசையைக் கொடுக்கிறது.

அந்தத் திசை சென்று சேரும் இடம் பெருவின் அமேசான் பகுதியில் உள்ள சான் பாப்லோ தொழுநோயர் குடியிருப்பு. எர்னெஸ்டோ தமது 24ஆம் பிறந்தநாள் இரவில், மருத்துவர்களும் கன்னியாஸ்திரீகளும் இருக்கும் கரையிலிருந்து நோயாளிகள் இருக்கும் கரைக்கு இருட்டில் நீந்திக் கடக்கும் காட்சி ஒன்றுக்காகவே நான் படத்தின் பக்கம் நிற்பேன். நூலில் அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது. திரைக்கதை எழுதிய ஹொசே ரிவேராவும் சால்லெஸும் உருவாக்கிய காட்சி அது. ஒரு பயணத்தின் பொருளை ஒரே செயலில் சொல்லிவிட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 5, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. உறக்கம் வராமல் எழுந்து நூலை எடுத்து சான் பாப்லோ பக்கங்களைத் திரும்பப் படித்தேன். நீந்திக் கடந்தது நூலில் இருக்கிறது. ஆற்றைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது என்றும், அவ்வளவு நேரம் காத்திருக்க விருப்பமில்லாத மருத்துவர் ஒருவர் நொந்துபோனார் என்றும் எர்னெஸ்டோ எழுதுகிறார். அவ்வளவுதான். பிறந்தநாள் இரவு இல்லை, இருட்டு இல்லை, அக்கரையில் காத்திருக்கும் நோயாளிகள் இல்லை. உடம்பில் தெம்புள்ள ஓர் இளைஞன் பெரிய ஆறு ஒன்றைப் பார்த்து, நீந்திப் பார்த்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறான்.

"நிகழ்ச்சியே கிடையாது" என்று நான் உறுதியாக எழுதியதற்குக் காரணம், படத்தின் காட்சி நூலின் வரியை என் நினைவிலிருந்து முற்றாக அழித்துவிட்டதுதான். படித்த ஒன்றைப் படிக்காததாக ஆக்கிவிடும் ஆற்றல் ஒரு காட்சிக்கு இருக்கிறது என்றால், நேற்று நான் சொன்ன பதிலையே மறுபடி யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 5, இரவு 11.05

அதே பிறந்தநாள் விருந்தில் எர்னெஸ்டோ பேசும் பேச்சும் என்னை உறுத்துகிறது. அமெரிக்கக் கண்டத்தை நிலையற்ற நாடுகளாகப் பிரித்திருப்பது வெறும் கற்பனை, மெக்சிகோவிலிருந்து மகெல்லன் நீரிணை வரை நாம் ஒரே கலப்பினம் என்று அவர் சொல்வது இரண்டிலும் ஒன்றே. படத்தில் அந்தப் பேச்சைக் கேட்கும்போது அறையே அமைதியாகிவிடுகிறது. நூலிலோ தாம் குடித்திருந்ததையும், கைதட்டியவர்கள் நன்றாகக் குடித்திருந்ததையும் எர்னெஸ்டோ சேர்த்தே எழுதுகிறார். அதனால் சொன்ன கருத்தின் எடை குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யார், அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது நூலைப் படித்தவருக்கு மட்டுமே தெரிகிறது.

பிப்ரவரி 7, பிற்பகல் 3.30

மீண்டும் மீண்டும் நான் போய் நிற்கும் இடம் அட்டகாமா பாலைவனம். சிலியின் வடக்கே, சுக்கிகமாதா தாமிரச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் அவர்கள் ஒரு தொழிலாளித் தம்பதியைச் சந்திக்கிறார்கள். கணவர் கம்யூனிஸ்ட். அந்தக் காலத்தில் சிலியில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. அவரும் சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது சுரங்க வேலை தேடி இருவரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். படத்திலும் நூலிலும் இரவும் குளிரும் ஒன்றுதான். ஆனால் இரண்டு இடங்களில் இரண்டும் பிரிகின்றன, அந்தப் பிரிவில்தான் இந்தக் கேள்விக்கான விடையே இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது: நீங்களும் வேலை தேடித்தான் போகிறீர்களா என்று படத்தில் அந்தப் பெண் கேட்கிறாள். இல்லை, சும்மா பயணத்துக்காகவே பயணம் போகிறோம் என்று எர்னெஸ்டோ கூச்சத்தோடு சொல்கிறார். அவள் ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு, உங்கள் பயணம் நன்றாக அமையட்டும் என்று வாழ்த்துகிறாள். இருபது வயதில் பார்த்தபோது அந்த வாழ்த்து என் தொண்டையை அடைத்தது. நூலில் வாழ்த்து இல்லை. அந்தக் கணவர் அவர்களைத் தோழர்களே என்று அழைத்து, வாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம், நானும் ஒரு நாடோடிதான் என்கிறார். இலக்கில்லாத தங்கள் பயணத்தை அவர் ஒட்டுண்ணித்தனம் என்று உள்ளூர இகழ்ந்ததையே அந்தச் சொல் காட்டிவிட்டதாக எர்னெஸ்டோ எழுதுகிறார். பசித்தவன் உணவைப் பகிர்ந்துகொண்டே இகழ்கிறான். இகழப்பட்டவன் அதைக் குறித்துவைத்துக்கொள்கிறான். இந்த ஒரு வரிக்காக நூலை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

இரண்டாவது: போர்த்திக்கொள்ள அந்தத் தம்பதியிடம் ஒரு கம்பளிகூட இல்லை. தங்களிடம் இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் எர்னெஸ்டோவும் அல்பெர்டோவும் சுருண்டுகொள்கிறார்கள். வாழ்நாளில் தாம் மிக அதிகமாகக் குளிரில் நடுங்கிய நேரங்களில் அது ஒன்று என்றும், தமக்கு விசித்திரமாகவே இருந்துவந்த மனித இனத்தோடு அன்றுதான் சற்று உறவு தோன்றியது என்றும் அவர் எழுதுகிறார். படத்தில் இதற்குப் பதிலாகப் பணம் வருகிறது: நீச்சலுடை வாங்கி வரும்படி காதலி சிச்சினா கொடுத்தனுப்பிய பதினைந்து டாலரை எர்னெஸ்டோ அந்தத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார் என்பது வெகுநேரம் கழித்துத் தெரியவருகிறது. திரைக்கதையாக அது நல்ல முடிச்சு. அந்தப் பணத்தை எதிர்பார்த்துக்கொண்டே வந்த அல்பெர்டோவின் முகமும் அப்போது அழகாக மாறுகிறது. என்றாலும் பணத்தை ரகசியமாகக் கொடுப்பது ஒரு நல்லவரின் செயல். கம்பளியைக் கொடுத்துவிட்டு இரவு முழுவதும் நடுங்குவது உடம்பால் கற்கும் பாடம். எனக்குப் பின்னதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 8, காலை 8.00

படத்தில் சுரங்க நிறுவனத்தின் லாரி மீது எர்னெஸ்டோ கல்லெறிகிறாரே, அது நூலில் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நூலில் இல்லை. சுக்கிகமாதாவைப் பற்றி நூலில் இருப்பது நிதானமான கோபம். அனகோண்டா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் அன்று இருந்த அந்தச் சுரங்கத்தில், ஓர் ஏழைத் தொழிலாளிக்குச் சில காசுகள் கூட்டிக் கொடுக்க மறுத்து, வேலைநிறுத்தத்தில் அதைப்போல் பல மடங்கை இழக்க நிர்வாகம் தயாராக இருப்பதை வழிகாட்டியின் வாயிலாகவே கேட்டுக் குறித்துக்கொள்கிறார். சுரங்கங்களைச் சுற்றியுள்ள கல்லறைகளை நினைக்கிறார். கோபத்தைக் கணக்காக எழுதினால் படிப்பவருக்கு அது போதும். திரையில் அந்தக் கணக்குக்கு ஒரு கல் தேவைப்பட்டிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 11, இரவு 9.45

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. மார்கழிப் பனியில் இழுப்பு வந்து, படுக்க முடியாமல் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே விடிய விடிய இருந்த இரவுகள் பல. அதனால் இந்தப் பயணத்தை வேறு எவரையும்விட நான் அருகிலிருந்து படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். படத்தில் எர்னெஸ்டோவாக நடித்த கயேல் கார்சியா பெர்னால் மூச்சுக்குத் திணறும்போதும், அல்பெர்டோ பதறிக்கொண்டு அட்ரினலின் ஊசி போடும்போதும், என் மார்பும் சேர்ந்து இறுகுகிறது. இழுப்பின் ஒலியை எழுத்தில் கொண்டுவர முடியாது. அங்கே படத்துக்கு நிகராக நூலில் எதுவும் இல்லை. நூலில் ஆஸ்துமா வானிலைக் குறிப்பைப் போலத்தான் வந்து போகிறது. நேற்று மோசம், இன்று பரவாயில்லை, மருந்து தீர்ந்தது, அவ்வளவே. நோயோடு பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அம்மா கேட்டால் நானும் "கொஞ்சம் இருக்கு" என்றுதான் சொல்வேன்.

சிலியின் துறைமுக நகரான வால்பரைசோவில் ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போகும் அத்தியாயம் வேறு வகை. அவளுக்கும் ஆஸ்துமா, அதோடு இதய நோய். வியர்வை நாற்றமும், வீட்டின் ஒரே ஆடம்பரமான இரண்டு நாற்காலிகளிலிருந்து எழும் தூசியும் நிறைந்த அறையில் அவள் கிடக்கிறாள். உழைத்துச் சம்பாதிக்க முடியாமல் போனவரை ஏழைக் குடும்பங்கள் எவ்வளவு கசப்போடு பார்க்கத் தொடங்குகின்றன என்பதை அங்கே எர்னெஸ்டோ கவனிக்கிறார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மருந்தும் எழுதிக் கொடுத்து, தம்மிடம் மிஞ்சியிருந்த சில மாத்திரைகளையும் கொடுத்துவிட்டு வெளியேறும்போது, அவளுடைய நன்றிச் சொற்களும் குடும்பத்தாரின் அக்கறையற்ற பார்வையும் அவரைப் பின்தொடர்கின்றன. நோயாளியே நோயாளியைப் பார்க்கப் போன கதை இது. தமக்கும் அதே நோய் என்று அந்த இடத்தில் அவர் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அந்தப் பக்கங்கள் இவ்வளவு வலித்திருக்காது.

பிப்ரவரி 12, காலை 6.50

தலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'வலிமை மிக்கவள்' என்று பொருள்படும் லா போதெரோசா என்ற பெயர் கொண்ட அந்த வண்டி சிலியைத் தாண்டவே இல்லை. பாதிக்கு மேற்பட்ட பயணம் லாரிகளிலும் கப்பலிலும் படகிலும் தெப்பத்திலும் நடந்தது. வண்டி இருந்தவரை ஊர்க்காரர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள், வண்டி போன பிறகு இவர்கள் ஊர்க்காரர்களைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பது என் வாசிப்பு. பழைய வண்டியில் நெடுந்தூரம் போய்ச் சங்கிலி அறுந்து, செங்கல் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஓட்டுநரோடும் கிளீனரோடும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டு வந்த அனுபவம் எனக்கும் என் நண்பனுக்கும் உண்டு. அந்தப் பயணத்தில் இன்றும் நினைவிருப்பது அந்த இரவு மட்டும்தான்.

படம் விட்டுவிட்ட பகுதிகளில் நான் அதிகம் வருந்துவது கப்பல் பயணத்துக்காக. வால்பரைசோவிலிருந்து வடக்கே அன்டோஃபகாஸ்டா போகும் சான் அன்டோனியோ என்ற கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிக் கழிப்பறையில் ஒளிந்துகொள்கிறார்கள். பிறகு வெளியே வந்து தங்களைக் காட்டிக்கொண்டபோது எர்னெஸ்டோவுக்குக் கிடைத்த வேலை கழிப்பறை கழுவுவது, அல்பெர்டோவுக்குச் சமையலறை. அந்தக் கப்பலின் விளிம்பில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி, உலகத்தின் சாலைகளிலும் நீர்வழிகளிலும் என்றென்றும் அலைவதே தங்கள் உண்மையான தொழில் என்று அவர்கள் உணர்வதாக ஒரு பகுதி வருகிறது. பின்னாளில் அவர் என்னவாக ஆனார் என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடிந்த ஒரே இடம் எனக்கு அதுதான்.

கொலம்பியாவின் லெட்டிசியாவில் உள்ளூர்க் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்ததும், கோல்காவலராக நின்று ஒரு பெனால்டி உதையைத் தாம் தடுத்ததை எர்னெஸ்டோ பெருமிதத்தோடு குறித்துவைத்ததும் படத்தில் இல்லை. அது இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கலாம்.

நாய் கதையும் இல்லை. தங்க இடம் கொடுத்தவர்கள் புமா என்ற கொடிய காட்டு விலங்கைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். நள்ளிரவில் கதவைச் சுரண்டும் ஒலி, இருட்டில் ஒளிரும் இரண்டு கண்கள், எர்னெஸ்டோ சுட்டுவிடுகிறார். செத்தது அந்த வீட்டாரின் பாபி என்ற நாய். படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். தங்க இடம் கொடுத்த வீட்டின் நாயைப் பயத்தில் கொன்ற இளைஞனையும், அமேசானை நீந்திக் கடந்த இளைஞனையும் ஒரே அட்டைக்குள் வைத்திருப்பது நூல் மட்டுமே.

பிப்ரவரி 15, இரவு 10.20

படம் அவரைப் புனிதராக்குகிறது என்ற எதிர்ப்பைச் சிலர் எழுதியிருக்கிறார்கள். கியூபப் புரட்சி வென்ற 1959இல் ஹவானாவின் லா கபான்யா கோட்டையில் அவர் பொறுப்பிலிருந்தபோது, புரட்சித் தீர்ப்பாயங்கள் பலருக்கு மரண தண்டனை விதித்ததை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். அது உண்மை. படம் 1952 ஜூலையோடு முடிந்துவிடுவதால் அதற்குப் பதில் சொல்லும் கடமை படத்துக்கு இல்லை என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பதிலில் இப்போது எனக்கு முழு நிறைவில்லை, ஏனென்றால் 1952க்குள்ளேயே நூலில் இருந்து படத்துக்கு வராத ஒன்று இருக்கிறது.

வெனிசுவேலாவின் காரகாஸ் நகரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் கறுப்பின மக்களைச் சோம்பலோடும் குடியோடும், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை உழைப்போடும் சேமிப்போடும் இணைத்து எர்னெஸ்டோ எழுதுகிறார். இருபது வயதில் இந்த வரிகளை நான் கவனித்ததாகவே நினைவில்லை. இந்த முறை படித்தபோது கூசியது. ஒரு சாதியாரைச் சோம்பேறிகள் என்றும் இன்னொரு சாதியாரைச் சிக்கனக்காரர்கள் என்றும் பெரியவர்கள் இயல்பாகப் பேசிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் தொனி நன்றாகத் தெரியும். பழங்குடி மக்களின் துயரத்தைக் கண்டு கொதித்த அதே கண், சில வாரங்களில் வேறொரு மக்களை அப்படிப் பார்த்திருக்கிறது. அதே மனிதர் 1965இல் காங்கோவுக்குப் போய் கறுப்பினப் போராளிகளோடு சேர்ந்து போரிட்டார் என்பது வரலாறு. இடையில் அவருக்குள் என்ன நடந்தது என்று கேட்கும் வாய்ப்பை நூல் தருகிறது. படம் மட்டும் பார்த்தவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு, பிப்ரவரி 4ஆம் தேதி நான் சொன்ன பதிலை இத்தோடு முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 16, காலை 7.10

அவசரமான ஒரு திருத்தம். "நூலில் இல்லை, படத்தில் சேர்த்துவிட்டார்கள்" என்று எழுதும்போதெல்லாம் நான் ஒரு நூலை மட்டுமே மனதில் வைத்திருக்கிறேன். படம் இரண்டு நூல்களிலிருந்து எடுக்கப்பட்டது. எர்னெஸ்டோவின் குறிப்புகள் ஒன்று, அல்பெர்டோ கிரனாடோ தமது பயணக் குறிப்புகளை வைத்து 1978இல் வெளியிட்ட நூல் மற்றொன்று. ஒரே பயணத்தை இருவர் எழுதியிருக்கும்போது ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்திருப்பார். லாரி மீது கல்லெறிந்தது பற்றி நான் சொன்னதை எர்னெஸ்டோவின் நூலுக்கு மட்டும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20, இரவு 11.30

நான்கு நாட்களாக எழுதவில்லை. நூலை உண்மை என்றும் படத்தைத் தழுவல் என்றும் நானே பிரித்துக்கொண்டு வாதாடிவந்தது சரிதானா என்ற ஐயம் வந்துவிட்டது.

பயணத்தின்போது எழுதிய நாட்குறிப்பை அப்படியே அச்சிட்ட நூல் இல்லை இது. ஊர் திரும்பிய பிறகு அந்தக் குறிப்புகளை எடுத்து, ஒழுங்குபடுத்தி, மெருகேற்றி எர்னெஸ்டோ மறுபடி எழுதியது. இதை அவரே முதல் அத்தியாயத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். இக்குறிப்புகளை எழுதியவன் அர்ஜென்டினா மண்ணில் மீண்டும் கால் வைத்த அன்றே இறந்துவிட்டான், இவற்றைச் சீர்செய்யும் நான் பழைய நான் அல்ல என்கிறார். ஆகவே நாம் படிப்பதும் ஒரு தழுவல்தான்: இறந்துபோன ஓர் இளைஞனின் பயணத்தை, அவனுடைய பெயரையே தாங்கிய மற்றொருவர் தழுவி எழுதியது. அவர் அதை வெளியிடாமலே 1967இல் பொலிவியாவில் கொல்லப்பட்டார். நூல் அச்சேறியது தொண்ணூறுகளில். அப்படியிருக்க, சால்லெஸ் மாற்றினார் என்று மட்டும் குற்றம் சாட்டுவது எப்படி?

அதே அத்தியாயத்தில் புகைப்படத்தைப் பற்றிய ஓர் உவமை வருகிறது. நிலவொளியில் எடுத்ததாகத் தோன்றும் படத்தைக் காட்டி இது இரவில் எடுத்தது என்று நான் சொன்னால், படத்தில் இருக்கும் இடத்தை நேரில் அறிந்தவரைத் தவிர மற்றவர்கள் என் சொல்லை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். தாம் எழுதுவதை நம்புவதற்கும் ஐயுறுவதற்கும் வாசகருக்கு அவரே வழிவிட்டு வைத்திருக்கிறார். நான் போற்றுவது அந்த நேர்மையை. மாற்றி எழுதினேன் என்று நூல் சொல்லிவிடுகிறது. படமும் இது வீரச் செயல்களின் கதை அல்ல என்ற அவருடைய சொற்களோடுதான் தொடங்குகிறது. ஆனால் ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது அந்தச் சொற்களை அது மறந்துவிடுகிறது.

பிப்ரவரி 23, மாலை 5.00

நேற்று படத்தை மீண்டும் பார்த்தேன், இந்த முறை நூலை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு வாரமாகப் படத்துக்குச் செய்த அநியாயத்தை ஓரளவு சரிசெய்ய வேண்டும்.

இன்காக்களின் பழைய தலைநகரான பெருவின் குஸ்கோவில் ஒரு சிறுவன் வழிகாட்டியாக வந்து இரண்டு சுவர்களைக் காட்டுகிறான். இது இன்காக்கள் கட்டியது, அது 'இன்காபாசஸ்' கட்டியது என்கிறான். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் திறனற்றவர்கள் என்று பொருள்; ஸ்பானியர்களைத்தான் சொல்கிறான். பல நூற்றாண்டுக் கால மனக்குறையைச் சொல்விளையாட்டாக மாற்றிச் சுற்றுலா வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்கும் அந்தச் சிறுவன் எந்த நூலிலிருந்தும் வந்தவன் இல்லை என்று பார்த்த கணத்திலேயே தெரிகிறது. படக்குழு பழைய வழித்தடத்திலேயே பயணம் செய்து, வழியில் கண்ட மக்களை நடிகர்களோடு பேசவிட்டுப் படமாக்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நிலத்தை இழந்தவர்கள் அதே சாலையோரத்தில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கறுப்பு வெள்ளையில், அசையாமல் கேமராவையே பார்த்து நிற்கும் உருவங்களாகக் காட்டும் பகுதிகள் எர்னெஸ்டோவின் கதைக்கு உரியவை அல்ல. சால்லெஸ் தாமே மேற்கொண்ட பயணத்தின் நூல் அவை. இதை முன்பே நான் கண்டிருக்க வேண்டும்.

அல்பெர்டோவாக நடித்த ரொட்ரிகோ டி லா செர்னா, தாய்வழியில் குவேராவுக்கே தூரத்து உறவினர். இந்த மறுபார்வையில் என்னை அதிகம் கவர்ந்தவர் அவர்தான். எர்னெஸ்டோவின் நூலில் நண்பராக வந்து போகும் அல்பெர்டோ படத்தில்தான் ஒரு முழு மனிதராகிறார். குஸ்தாவோ சந்தாவொலாலாவின் இசையைப் பற்றி எழுத எனக்குப் பயிற்சி போதாது. இறுதியில் வரும் ஹோர்ஹே டிரெக்ஸ்லரின் பாடல் 2005இல் ஆஸ்கர் பெற்றது, ஸ்பானிய மொழிப் பாடல் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் பாடலும் ஆற்றின் அக்கரையைப் பற்றியதே.

முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். படம் காரகாஸ் விமான நிலையத்தில் முடிகிறது. விமானம் மேலே போவதைப் பார்த்து நிற்கும் அல்பெர்டோவின் இளம் முகம் மறைந்து, உண்மையான கிரனாடோவின் எண்பது வயது முகம் திரையை நிரப்புகிறது. அவர் ஒன்றும் பேசுவதில்லை. நண்பனைவிட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்துவிட்ட ஒருவரின் கண்கள் அவை, அவற்றை எந்த எழுத்தாலும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. நூலின் கடைசிப் பகுதியிலோ, ஒரு மலையூரின் இருட்டில் யாரோ ஒருவர் வரப்போகும் புரட்சியைப் பற்றிப் பேசுகிறார். எர்னெஸ்டோவுக்கு அவருடைய முகம் தெரிவதில்லை; கண்களின் மினுக்கமும் முன்பற்கள் நான்கின் வெண்மையும் மட்டும் தெரிகின்றன. அவர் பெயர் என்ன, அப்படி ஒருவர் இருந்தாரா என்பதுகூட நமக்குத் தெரியாது. நிலவொளிப் புகைப்படத்தில் தொடங்கிய நூல் முகம் தெரியாத இருட்டில் முடிகிறது என்பதை, படத்தின் கடைசி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் கண்டேன்.

மார்ச் 2, இரவு 9.15

கேள்வி கேட்டவர், நான் பிப்ரவரி 4ஆம் தேதி சொன்னதை நம்பி மறுநாளே படத்தைப் பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ஆற்றைக் கடக்கும் காட்சியில் அழுததாகவும், இனி நூல் தேவையா என்றும் கேட்கிறார். தவறு என்னுடையது. நூலை முதலில் படியுங்கள் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காட்சியைக் கண்ட பிறகு நூலின் சிறிய வரிகள் கண்ணில் படுவது கடினம். எனக்கே அப்படித்தான் நேர்ந்தது.

ஆனாலும் படியுங்கள். முழுவதும் படிக்க நேரம் இல்லை என்றால் பெருவின் தலைநகர் லிமாவைப் பற்றிய பகுதியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் லிமா பெரும்பாலும் தொழுநோய் மருத்துவர் ஹூகோ பெஸ்சேயோடு கடந்துவிடுகிறது. நூலில், அங்கிருந்து கிளம்பும் நாளில் தொழுநோய் மருத்துவமனையின் நோயாளிகள் தங்களுக்குள் காசு சேர்த்து, நூறரை சோல் பணத்தையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சிலர் தனியே வந்து கண்ணீரோடு நன்றி சொல்கிறார்கள். இவர்கள் அவர்களுக்கு மருந்து எதுவும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடவில்லை. கையுறையும் தயக்கமும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து வானொலியில் கால்பந்து வர்ணனை கேட்டார்கள். அதற்காகத்தான் நன்றி. தொழுநோய் மருத்துவத்துக்கு என்றாவது தங்களை முழுமையாகக் கொடுக்க நேர்ந்தால், வழியெல்லாம் நோயாளிகள் காட்டிய இந்த அன்பே அதற்குக் காரணமாக இருக்கும் என்று எர்னெஸ்டோ எழுதுகிறார்.

என்னிடம் உள்ள பதிப்பில் அந்தப் பகுதி ஒரு பக்கத்துக்கும் குறைவு. இன்று இரவே படித்துவிடலாம்.